கீழதான் இருக்கு, பெரியப்பா

பரளச்சிப் பக்கத்து நிலம் கரிசல். கிணற்றை நம்புகிறவர்கள் கொஞ்சம் பேர், வானத்தைப் பார்த்து விதைக்கிறவர்களே அதிகம். மக்காச்சோளம், பருத்தி, மிளகாய், மல்லி, ஓரஞ்சாரத்தில் குதிரைவாலி. ஐப்பசியில் ஒரு மழை உருப்படியாக விழுந்து விதை போட்டாயிற்று என்றால் அடுத்த வேலை பயிர்க் காப்பீடு. கடைசித் தேதி நெருங்க நெருங்க இ-சேவை மையங்களின் வாசலில் செருப்பு குவியும். ஆதார் நகல், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், கிராம நிர்வாக அலுவலர் கையெழுத்துப் போட்ட அடங்கல், சிட்டா எல்லாம் மடங்கிப்போய் ஒரு மஞ்சப்பைக்குள் இருக்கும்.

மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு கணினி, அதன் முன்னால் ஒரு பெண். காப்பீட்டுத் தளம் ஒரு ஜன்னலில். சிட்டா எடுக்கும் ‘எங்கிருந்தும் எந்நேரமும்’ தளம் இன்னொன்றில். ஸ்கேன் எடுக்க ஒரு மென்பொருள், கோப்பின் அளவைக் குறைக்க பெயின்ட், திருப்பூரிலிருக்கும் மகன் அனுப்பிய நகலை இறக்க வாட்ஸ்அப், யாரோ ஒரு மாணவிக்கு முக்கால்வாசி நிரப்பி ஓடிபிக்காக நிறுத்தி வைத்த வருமானச் சான்று விண்ணப்பம். எல்லாம் ஒரே நேரத்தில் திறந்து கிடக்கின்றன. கண்ணுக்குத் தெரிவது ஒன்றுதான். மற்றவை இன்னும் இருக்கின்றன என்பதற்குத் திரையின் அடியில் ஓடும் விரற்கடை உயரப் பட்டையைத் தவிர வேறு அத்தாட்சி இல்லை. பாடப்புத்தகம் பணிப்பட்டை என்கிறது. மற்ற எல்லாருக்கும் அது டாஸ்க்பார்.

அது எங்கே பிறந்து, யார் யார் கைமாறி, எத்தனை தடவை சாகப் பார்த்துப் பிழைத்து இந்த மேசைக்கு வந்தது என்பது சொல்லத் தகுந்த கதை.

பட்டைக்கு முன்னால் பிறந்தது பிரச்சினை. 1970களில் கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வுக்கூடத்தில், ஆலன் கே குழுவினர் ஸ்மால்டாக் என்ற அமைப்பை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். திரை சின்னது, பார்க்க வேண்டியது நிறைய. ஆகவே ஒரு ஜன்னலின் மேல் இன்னொரு ஜன்னல் ஏறி உட்காரலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். பலசரக்குக் கடையில் கம்பியில் குத்தி வைக்கிற சீட்டுகள் மாதிரி. மேலே இருக்கும் சீட்டைப் படிக்கலாம். அடியில் என்னென்ன இருக்கிறது என்பது கடைக்காரருக்கு அத்துபடி, நேற்று வேலைக்குச் சேர்ந்த பையனுக்குத் தெரியாது. கணினியை வடிவமைத்தவர்கள் எல்லாரும் கடைக்காரர்கள். பையன்கள் வருவதற்கு இன்னும் பத்துப் பதினைந்து வருடம் இருந்தது.

அதே ஜெராக்ஸ் 1981இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்டார் கணினி, ஜன்னல்களை ஒன்றின்மேல் ஒன்று ஏற விடாமல் பக்கம் பக்கமாக நிறுத்தியது. 1985 நவம்பரில் வந்த முதல் விண்டோஸும் அப்படியே. அந்த விண்டோஸில் பலரும் மறந்துவிட்ட ஒரு சங்கதி உண்டு. திரையின் அடியில் ஒரு கீற்று நிலம் ஒதுக்கப்பட்டிருந்தது, சுருக்கிய நிரல்கள் சிறு படங்களாகி அங்கே போய் வரிசையாக உட்காரும். பட்டையின் கரு அப்போதே இருந்தது என்று சொல்லலாம். 1987 கடைசியில் வந்த இரண்டாம் விண்டோஸ் ஜன்னல்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற அனுமதித்தது. கீற்று போயிற்று. 1990இல் வந்த 3.0, 1992இல் வந்த 3.1 இரண்டிலும், சுருக்கிய நிரல் சிறு படமாகித் திரையின் அடிப்பக்கம் விழும், அதன்மேல் அடுத்த ஜன்னல் வந்து படுத்துவிடும். கன்ட்ரோலையும் எஸ்கேப்பையும் சேர்த்து அழுத்தினால் ஒரு பட்டியல் வரும், ஆல்ட்டையும் டேபையும் அழுத்தினால் ஒவ்வொன்றாகத் தாவலாம். இது தெரிந்தவர்களுக்கு. தெரியாதவர்களுக்கு அந்த நிரல் போனது போனதுதான்.

இதற்கிடையில் வேறு இடங்களிலும் பட்டைகள் முளைத்தன. இங்கிலாந்தின் ஏகார்ன் நிறுவனம் 1987இல் ஆர்தர் என்ற தன் இயங்குதளத்தில் திரையின் அடியில் ஒரு படவரிசை வைத்தது. ஸ்டீவ் ஜாப்ஸ் ஆப்பிளைவிட்டு வெளியேறித் தொடங்கிய நெக்ஸ்ட் கணினியில் ‘டாக்’ என்ற அடுக்கு ஒன்று இருந்தது, அதுதான் பிற்பாடு மேக்குக்குப் போனது. டாஸ்க்பாருக்கு இவர்கள் பங்காளி முறை, தகப்பன் முறை இல்லை. இவை முதன்மையாக நிரல்களைக் காட்டின. எத்தனை ஜன்னல், எதில் எந்தக் கடிதம் என்பதைத் தலைப்போடு வரிசை வைத்துக் காட்டுவது இன்னும் பிறக்கவில்லை.

அது அமெரிக்காவின் ரெட்மண்டில் பிறந்தது. 1992 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் அடுத்த விண்டோஸின் முகத்தை வரைய ஒரு குழுவை அமர்த்தியது. திட்டத்தின் சங்கேதப் பெயர் சிகாகோ. அந்த வேலையைப் பற்றி கென்ட் சல்லிவன் என்பவர் 1996இல் ஓர் ஆய்வுரை எழுதினார். கணினி நிறுவனங்கள் தங்கள் அறியாமையை இவ்வளவு வெளிப்படையாக எழுதிவைப்பது அபூர்வம். 64 சுற்றுகள், 560 பேர். ஒவ்வொருவரையும் கணினி முன் உட்காரவைத்து ஒரு வேலை கொடுத்து, எங்கே திணறுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பாதிப் பேர் விண்டோஸ் 3.1இல் சுமாராகப் பழகியவர்கள். புதியவர்களிடம் கண்டது இது: ஒரு ஜன்னல் இன்னொன்றின் பின்னால் போனால், அது மூடிவிட்டது, தொலைந்துவிட்டது என்று நினைத்தார்கள். மறுபடியும் அதே நிரலைத் திறந்தார்கள். இரண்டாவது பிரதி, மூன்றாவது பிரதி என்று ஏறிக்கொண்டே போய்க் கணினி மூச்சு முட்டியது.

குழுவில் இருந்தவர் டேனி ஓரன். ஹார்வர்டில் உளவியலாளர் ஸ்கின்னரிடம் பயின்றவர். அவர் ஒரு சம்பவம் சொல்லியிருக்கிறார்: சோதனைக்கு வந்த ஒருவரிடம் ஒரு சின்னக் கடிதம் தட்டச்சு செய்யச் சொன்னார்கள், அவரால் விண்டோஸ் 3.1இல் அதற்கான நிரலைத் திறக்கவே முடியவில்லை. விசாரித்தால் மனிதர் போயிங் நிறுவனத்தில் பொறியாளர். ஆளிடம் கோளாறு இல்லை, அமைப்பில்தான் கோளாறு என்று அங்கே முடிவானது. நம் ஊர் அலுவலகங்களில் இந்த முடிவு இன்னும் எட்டப்படவில்லை. மனு நிரப்பத் தெரியாதவன்தான் முட்டாள்.

முதல் வடிவத்தில் அது ஒரு தட்டு. திரையின் அடியில் ஒரு பட்டை, அதில் மூன்று பொத்தான்கள்: அமைப்பு, தேடல், உதவி. எதற்கு எதைத் தொடுவது என்று சோதனைக்கு வந்தவர்களுக்குப் பிடிபடவில்லை. பிறகு கோப்பு உறைகளின் காதுகள்போல, திறந்த ஜன்னல் ஒவ்வொன்றுக்கும் ஒரு காது முளைக்கவைத்துப் பார்த்தார்கள். கடைசியில் காது பொத்தானாயிற்று. ஜன்னல் திறந்தால் பட்டையில் ஒரு பொத்தான் வரும், அதில் ஜன்னலின் தலைப்பு இருக்கும், மூடினால் பொத்தான் மறையும். சுருக்கினாலும் மறைந்தாலும் பொத்தான் அங்கேயே. முக்கியமான விதி ஒன்று: எந்த ஜன்னலும் பட்டையின்மேல் ஏறக்கூடாது. ஏழு வருடங்களாகத் திரையின் அடியில் விழுந்து புதைந்துகொண்டிருந்த நிரல்களுக்கு அந்த விதிதான் விமோசனம். தட்டு என்ற பழைய பெயர் மட்டும் உள்ளே தங்கிவிட்டது. விண்டோஸின் உள்நிரலில் அந்தப் பட்டைக்கு இன்றைக்கும் ‘ஷெல் ட்ரே’ என்று தொடங்கும் பெயர்தான்.

எங்கிருந்து தொடங்குவது என்று ஆட்கள் விழித்ததால் இடது ஓரத்துப் பொத்தானில் ‘ஸ்டார்ட்’ என்றே எழுதினார்கள். அப்படியும் தயக்கம் தீரவில்லை. கணினியைப் போட்டதும் ‘தொடங்க இங்கே கிளிக் செய்யவும்’ என்ற வாசகம் ஓர் அம்புக்குறியோடு பட்டையில் நகர்ந்து வந்து அந்தப் பொத்தானில் முட்டும்படி செய்தார்கள். 1995 ஆகஸ்ட் 24இல் விண்டோஸ் 95 கடைக்கு வந்தது. இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தவர்கள் ஒன்றைக் கோட்டைவிட்டார்கள். ஸ்டார்ட் பொத்தானுக்கும் திரையின் மூலைக்கும் நடுவே ஓரிரு புள்ளி இடைவெளி. சுட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு மூலைக்குத் தள்ளிச் சொடுக்கினால் பொத்தான் விழாது. திரையின் மூலைதான் சுட்டிக்கு மிக எளிதான இலக்கு என்பது பால பாடம். பின்வந்த பதிப்புகளில் சத்தமில்லாமல் அடைத்துவிட்டார்கள்.

அன்றைய சாதாரணத் திரையில் மேலிருந்து கீழாக 480 புள்ளி வரிகள்தான். அதில் 28 வரி பட்டைக்கு. பதினேழில் ஒரு பங்கு நிலம் எப்போதும் தரிசாகக் கிடப்பதுபோலத்தான் முதலில் தோன்றியது. முழுசாகப் படம் பார்க்க விடாமல் இது எதற்கு என்று முணுமுணுத்தவர்களுக்காகத் தானாக ஒளிந்துகொள்ளும் வசதியும் வைத்தார்கள். ஒளிக்கிறவர்கள் என்னைப் பொறுத்தவரை ஒரு தனி ஜாதி. அவர்கள் மேசையில் உட்கார்ந்து நம்மால் ஒரு வேலையும் செய்ய முடியாது.

பரளச்சி இருக்கும் விருதுநகர் மாவட்டத்தில் இந்தப் பட்டை முதலில் வியர்வை சிந்தியது அச்சுத் தொழிலில்தான் இருக்க வேண்டும். சிவகாசி அதே மாவட்டம். காலண்டர், டைரி, பட்டாசுப் பெட்டி லேபிள், கல்யாணப் பத்திரிகை. டிடிபி மேசையில் எழுத்துக்குப் பேஜ்மேக்கர், படத்துக்கு ஃபோட்டோஷாப், பூவேலைக்குக் கோரல்டிரா. மூன்றும் திறந்திருந்தால்தான் வேலை ஓடும். விண்டோஸ் 95க்கு 8 மெகாபைட் நினைவகம் இருப்பது நல்லது என்று சொல்லியிருந்த காலம். பட்டையில் மூன்று பொத்தான் தெரியும், இரண்டாவதைத் தொட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம்.

அங்கே தமிழுக்கு ஒரு தனி அவமானம் காத்திருந்தது. பாமினி போன்ற எழுத்துருக்களில் தமிழ் என்பது ஒரு வேஷம்தான். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள், மேலே தமிழ் உருவம் போர்த்தியிருக்கும். பக்கத்தில் அழகாகத் தெரியும். ஆனால் டாஸ்க்பார் தன் பொத்தான்களில் விண்டோஸின் சொந்த எழுத்துருவைத்தான் பயன்படுத்தும், அதற்கு அந்த வேஷம் தெரியாது. கோப்புக்குத் தமிழில் பெயர் வைத்தால் பட்டையில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த கூழ் ஒன்று வரும். ஆகவே மணமகன் பெயர் தமிழில் அச்சாகிக்கொண்டிருக்கும்போது கோப்பின் பெயர் ‘மேரேஜ் 1’, ‘மேரேஜ் 2’, ‘மேரேஜ் ஃபைனல்’, ‘மேரேஜ் ஃபைனல் நியூ’ என்று ஆங்கிலத்தில் ஓடியது. தமிழ்நாட்டில் கோப்புகளுக்கு ஆங்கிலத்தில் பெயர் வைக்கும் பழக்கத்தை அடிமைப்புத்தி என்று கோபித்துக்கொள்கிறவர்கள் இந்த 28 புள்ளிப் பட்டையையும் கொஞ்சம் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டும்.

விண்டோஸ் 2000 லதா என்ற எழுத்துருவோடு வந்தபோதுதான் யூனிகோடுத் தமிழ் அந்த வீட்டுக்குள் அதிகாரபூர்வமாக நுழைந்தது. எக்ஸ்பியில் அது இருந்தும் இல்லாத மாதிரி. கன்ட்ரோல் பேனலுக்குள் போய், சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளை நிறுவு என்று ஒரு கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும், அதற்கு விண்டோஸ் சிடி வேண்டும். சிடி யாரிடம் இருந்தது? அடுத்தடுத்த பதிப்புகளில் அந்தச் சிடி தேவைப்படவில்லை. 2010இல் தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்16 என்ற குறியேற்றத்தையும் தரமாக அறிவித்தது. அதற்குள் என்எச்எம் ரைட்டர், அழகி, எ-கலப்பை எல்லாம் வந்து பட்டையின் வலது மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில் குடியேறியிருந்தன. இப்போது எந்த மொழியில் அடிக்கிறோம் என்பதை அந்த மூலையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம். பார்க்காமல் அடித்து, ஒரு பத்தி முழுக்க உளறலாக வந்தபின் தலையில் கை வைப்பது வேறு விஷயம்.

பட்டை கிராமத்துக்குள் மொத்தமாக இறங்கிய ஆண்டு 2011. செப்டம்பர் 15இல் முதலமைச்சர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அரசு, அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு ஐந்தாண்டில் 68 லட்சம் கணினி என்பது இலக்கு, முதலாண்டுக்கு 9.12 லட்சம். கொள்முதல் தமிழக அரசின் மின்னணு நிறுவனமான எல்காட் பொறுப்பு. அதே எல்காட் 2006, 2007 வாக்கில் உமாசங்கர் தலைமையில் தன் கணினிகளைச் சூஸே லினக்ஸுக்கு மாற்றிய நிறுவனம். மடிக்கணினியிலும் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. பாஸ், சென்னை சி-டாக்கில் உருவானது. கணினியைப் போட்டதும் எது வேண்டும் என்று கேட்கும். பையன்கள் பெரும்பாலும் விண்டோஸைத் தேர்ந்தெடுத்தார்கள். சிலர் பாஸ் இருந்த இடத்தை அழித்துப் பாட்டும் படமும் நிரப்பினார்கள்.

அதற்கு ஐந்து மாதம் முன்னால், 2011 ஏப்ரலில், லினக்ஸ் உலகின் பெரிய மேசைப்பரப்புகளில் ஒன்றான க்னோம் தன் மூன்றாம் பதிப்பை வெளியிட்டது. அதில் கீழே இருந்த ஜன்னல் பட்டியலை எடுத்துவிட்டார்கள். சுருக்கும் பொத்தானையும் எடுத்துவிட்டார்கள். கவனம் சிதறாமல் ஒரு நேரத்தில் ஒரு வேலை பார்க்கட்டும் என்பது வடிவமைத்தவர்களின் வாதம். பெரிய திரையும் தடையில்லா மின்சாரமும் அமைதியான அறையும் உள்ளவர்களின் வாதம் அது. கோபித்துக்கொண்டு பழைய க்னோமை மாட்டே என்ற பெயரில் தனியே எடுத்துக்கொண்டு போனவர்களும் உண்டு. ஆக, கணினி வல்லுநர்கள் பட்டையை வேண்டாம் என்று தூக்கிப்போட்ட வருடத்தில்தான் தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான பதினேழு வயதுப் பிள்ளைகள் அதை முதல்முறையாகத் தொட்டார்கள்.

2012இல் தென்மாவட்டங்களில் மின்வெட்டு அரை நாளைத் தாண்டியது. மேசைக்கணினி வைத்திருந்த கடைகளில் கரண்ட் போனால் பட்டையில் இருந்த அத்தனை பொத்தானும் போகும். யுபிஎஸ் கத்துகிற சத்தத்துக்குள் எதைச் சேமிப்பது, எதை விடுவது என்று பட்டையைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகத் திறந்து கன்ட்ரோல் எஸ், கன்ட்ரோல் எஸ். மடிக்கணினிப் பிள்ளைகளுக்கு அந்தப் பதற்றம் இல்லை, பேட்டரி ஓரளவு தாங்கும்.

2018இல் வந்த புதிய பதினோராம் வகுப்புக் கணினிப் பாடநூல்களில் விண்டோஸுக்கும் உபுண்டுவுக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. டாஸ்க்பார் அதில் பாடம். அடுத்த வருடம் முதல் 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் வந்தன. சோதனைக்கு வந்தவர்கள் யாரும் கற்காமலே புரிந்துகொள்ள வேண்டும் என்று ரெட்மண்டில் அத்தனை சுற்றுப் பாடுபட்டுச் செய்ததை, இங்கே மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்கிறோம். நம் கல்விக்கு எதைக் கொடுத்தாலும் அதை வினா விடையாக்கிவிடும் ஆற்றல் உண்டு.

நடுவில் மைக்ரோசாஃப்ட்டே தன் பிள்ளையைக் கைவிடப் பார்த்தது. எக்ஸ்பி ஒரே நிரலின் ஜன்னல்களை ஒரு பொத்தானுக்குள் கட்டிப்போட்டது. 2009 அக்டோபரில் வந்த விண்டோஸ் 7 பட்டையை 40 புள்ளியாக உயர்த்தி, தலைப்பை எடுத்துவிட்டுப் படத்தை மட்டும் வைத்தது. 2012 அக்டோபரில் விண்டோஸ் 8 ஸ்டார்ட் பொத்தானையே தூக்கியது. தொடுதிரைக் காலம் வந்துவிட்டது, முழுத்திரையில் கட்டம் கட்டமாக இருக்கட்டும் என்றார்கள். அந்தக் கட்டங்களுக்குள் போனால் பட்டை தெரியாது. உலகம் முழுக்க எழுந்த முனகல் தாங்காமல் 2013 அக்டோபரில் 8.1இல் பொத்தான் திரும்பி வந்தது. அந்த ஒரு வருடத்தில் நம் பக்கத்து சர்வீஸ் கடைகளில் ‘செவன் போட்டுக் குடுங்க’ என்று கேட்டு வந்த கூட்டத்துக்குக் கணக்கில்லை.

இன்னொரு சேதாரம் வெளியிலிருந்து வந்தது. பிரவுசருக்குள் டேப்கள். ஒரு ஜன்னலுக்குள்ளேயே இருபது பக்கம் திறக்கலாம் என்றதும், பட்டையின் குடிமக்கள் பாதிப்பேர் மேல்மாடிக்குக் குடிபெயர்ந்தார்கள். நகரத்து அலுவலகங்களில் இன்று பட்டையில் மூன்று நான்கு படம்தான் இருக்கும், கூட்டம் எல்லாம் மேலே.

இ-சேவை மேசையில் அப்படி ஆகவில்லை. காரணம் அரசுத் தளங்களின் குணம். ஒன்று இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டும் திறக்கும், இன்னொன்று ஃபயர்ஃபாக்ஸில்தான் ஒழுங்காக வரும், மூன்றாவதற்குக் குரோம். 2022 ஜூனில் எக்ஸ்புளோரர் ஓய்வு பெறும்வரை மூன்று பிரவுசரையும் திறந்துவைத்து வேலை பார்த்தவர்கள் ஏராளம். கட்டணம் செலுத்தும் பக்கம் தனி ஜன்னலாகக் குதிக்கும், ரசீது இன்னொரு ஜன்னலாக வரும், வந்த வேகத்தில் பின்னால் போய் ஒளியும். கைரேகைக் கருவிக்கான சேவை வலது மூலையில் உட்கார்ந்துகொண்டு, தயார் என்று சொன்னால்தான் பெரியவர்களின் தேய்ந்த விரலை வைக்கச் சொல்லலாம். சாதி, வருமானம், இருப்பிடச் சான்று ஒவ்வொன்றுக்கும் சேவைக் கட்டணம் 60 ரூபாய். அந்த அறுபது ரூபாய்க்குள் இத்தனை ஜன்னல் அடக்கம்.

அந்த வரிசையில் நின்று பார்த்திருக்கிறேன். மிளகாய்க்குக் காப்பீடு செய்ய வந்த ஒரு பெரியவர், மேசைக்கு மேலே எட்டித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பெயர், அப்பா பெயர், சர்வே எண் எல்லாம் ஏறிவிட்டன. அந்நேரம் பின்னால் நின்ற பிள்ளைக்கு ஓடிபி வந்துவிட்டது, அது பத்து நிமிடம்கூட உயிரோடு இருக்காது. அந்தப் பெண் பெரியவரின் ஜன்னலை அப்படியே விட்டுவிட்டுக் கீழே ஒரு பொத்தானைத் தொட்டார். திரையில் வேறு யாருடைய பெயரோ.

“ஏ தாயி, எம்பேரு எங்க போச்சு?”

“கீழதான் இருக்கு, பெரியப்பா. எங்கயும் போகல.”

“கீழன்னா?”

சுட்டியைப் பட்டைமேல் கொண்டுபோய் நிறுத்தினார். சின்னதாக ஒரு படம் எழும்பியது, உள்ளங்கையளவு விண்ணப்பம். பெரியவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். படிக்க முடிந்திருக்காது. ஆனால் நீலத் தலைப்பும் கட்டங்களும் தன்னுடையதுதான் என்று அடையாளம் தெரிந்திருக்க வேண்டும்.

“அதுக்குள்ள தூங்கிறாம பாத்துக்க” என்றார்.

அவர் சொன்னது வேடிக்கை இல்லை. அந்தத் தளங்களில் கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யாமல் விட்டால் ‘செஷன்’ முடிந்துபோகும், மறுபடி முதலிலிருந்து. பட்டையில் பொத்தான் அப்படியே இருக்கும், உள்ளே விண்ணப்பம் செத்திருக்கும். இந்தக் கோளாறுக்கு ரெட்மண்டின் 560 பேரும் பதில் சொல்ல முடியாது, அது வேறு ஊர்க்காரர்கள் செய்தது. அந்தப் பெண் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். நிறுத்தி வைத்த ஒவ்வொன்றையும் அவ்வப்போது திறந்து, ஏதாவது ஒரு கட்டத்தில் ஒரு தடவை சொடுக்கிவிட்டு வருவார். யாரும் சொல்லிக்கொடுத்ததாகத் தெரியவில்லை.

எல்லார் வீட்டிலும் செல்போன் இருக்கும்போது இந்த மேசைக்கு ஏன் வருகிறார்கள் என்று நகரத்து நண்பர்கள் கேட்பதுண்டு. இதே விண்ணப்பத்தைப் போனில் நிரப்பிப் பார்த்தவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. போன் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் காட்டும். ஓடிபி குறுஞ்செய்தியைப் பார்க்க வெளியே போய்த் திரும்பினால், நினைவகம் குறைந்த போன்களில் பக்கம் புதிதாக ஏற்றப்பட்டு நிரப்பியதெல்லாம் வெறுமையாகிவிடும். சிட்டாவின் எண்ணைப் பார்த்து அடிக்க வேண்டும் என்றால் எண்ணை மனப்பாடம் செய்ய வேண்டும். அரசு ஒரு மனுவுக்கு ஐந்து காகிதத்தை ஒரே நேரத்தில் மேசையில் விரிக்கச் சொல்கிறது. போனில் மேசை இல்லை. ஒரு நேரத்தில் ஒரு வேலை என்று க்னோம்காரர்கள் சொன்னதைக் கேட்கிற மாதிரி நம் நடைமுறைகள் மாறினால், பட்டைக்கு இங்கே வேலை குறையும். அதற்கான அறிகுறி எதையும் நான் பார்க்கவில்லை. போன் உலகமே பட்டையிடம் திரும்பி வருகிறது: 2022இல் ஆண்ட்ராய்டு 12எல் பதிப்பில் பெரிய திரைகளுக்கு டாஸ்க்பார் வைத்துவிட்டார்கள்.

பரளச்சிப் பக்கத்துக் கடைகளுக்கு அடுத்து வந்த தலைவலி விண்டோஸ் 11. அது 2021 அக்டோபரில் வந்தது. ஸ்டார்ட் பொத்தானை மூலையிலிருந்து எடுத்து நடுவில் வைத்தார்கள், அதாவது அந்த ஓரிரு புள்ளியை அடைத்துச் சம்பாதித்த மூலையை விட்டுக்கொடுத்தார்கள். பட்டை 48 புள்ளி ஆனது. அதைத் திரையின் பக்கவாட்டுக்கு நகர்த்தும் வழியை அடைத்தார்கள். ஒரே நிரலின் ஜன்னல்கள் கட்டாயமாக ஒரே படத்துக்குள் போயின, பிரிக்க வழியில்லை. ஆறு விண்ணப்பம் ஆறு ஜன்னலில் குரோமில் திறந்திருந்தால் கீழே தெரிவது ஒரே ஒரு குரோம் படம். பெரியப்பா எங்கே, பின்னால் நின்ற பிள்ளை எங்கே என்று சுட்டியை நிறுத்தித் தேட வேண்டும். தனித்தனியாகக் காட்டும் வசதியை இரண்டு வருடம் கழித்து, 2023இல் திருப்பிக் கொடுத்தார்கள், அதுவும் அமைப்புகளுக்குள் நாலு படி இறங்கினால்.

2025 அக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. பழைய பெட்டிகள் பலவற்றில் 11 ஏறாது, ஏறுகிறவற்றில் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். அருப்புக்கோட்டையிலிருந்து சர்வீஸ் செய்து பெட்டி திரும்பி வந்ததும் செய்கிற வேலைகளுக்கு ஒரு வரிசை உண்டு. பிரின்டர் டிரைவர், கைரேகைக் கருவியின் மென்பொருள், தமிழ் விசைப்பலகை. அதற்கும் முன்னால், பட்டையின்மேல் வலது கிளிக், டாஸ்க்பார் அமைப்புகள், ஸ்டார்ட் இடதுபக்கம், பொத்தான்களைச் சேர்க்காதே, எப்போதும் தலைப்போடு காட்டு.